மீசைக் கெளுத்தியும் எலும்புக்கூடும்: ஜப்பானின் முதல் கேலிச்சித்திர இதழ்கள்



ஜப்பானின் மாங்கா படக்கதை என்றால் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்துபடி. அதைப் பற்றி நான் பேசினால் நீங்கள்தான் என்னைத் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே அதற்கு முந்தைய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அமைச்சரைக் கேலி செய்து படம் போட்டவர்களின் கதை. போலீஸ் வாசலில் நின்றபோதும் பேனாவைக் கீழே வைக்காதவர்களின் கதை. ஒரே ஒரு படத்துக்காக மூன்றாண்டு சிறைக்குப் போன ஓர் இளைஞனின் கதை. 1862 தொடங்கி 1912 வரை, ஐம்பதாண்டுக் கதை.

கதை நீளமானது, கையில் பிடித்துக்கொள்ள ஒரு கேள்வி வேண்டும். இதுதான் அந்தக் கேள்வி: கேலிச்சித்திரக்காரன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்? தன்னைத் திருப்பி அடிக்கக்கூடியவனைப் பார்த்தா? திருப்பி அடிக்க வழியில்லாதவனைப் பார்த்தா? இந்தக் கேள்வியை மறக்காமல் என்னோடு வாருங்கள்.

கேலிப்படம் மேற்கிலிருந்து கப்பலேறி ஜப்பானுக்கு வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கியோட்டோவின் கோஸான்ஜி கோயிலுக்குச் சொந்தமாக, 12ஆம் நூற்றாண்டு அளவில் தீட்டப்பட்ட ஓவியச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் தவளையும் முயலும் மல்யுத்தம் செய்கின்றன. தவளை முயலைத் தூக்கி எறிகிறது. மனிதர்கள் செய்கிற கூத்தையெல்லாம் விலங்குகள் செய்து காட்டுகின்றன.

எடோ காலத்துக்கு வாருங்கள். எடோ என்பது இன்றைய டோக்கியோ. 1843இல் குனியோஷி என்ற ஓவியர் மூன்று தாள்களில் ஒரு மரக்கட்டை அச்சுப்படம் வெளியிட்டார். நோயில் படுத்திருக்கும் ஒரு பிரபு, காவலுக்கு நான்கு வீரர்கள், பின்னால் படை திரண்டு நிற்கும் பேய்கள். பழைய வீரக்கதைக் காட்சி என்பது வெளிப்பேச்சு. ஊர் அதை எப்படிப் படித்தது தெரியுமா? படுத்திருப்பவர் நாட்டை ஆண்ட ஷோகன், பக்கத்தில் இருப்பவர் சிக்கனச் சட்டங்களால் ஊரை வாட்டிய அமைச்சர், பேய்கள் எல்லாம் அந்தச் சட்டங்களால் பிழைப்பு இழந்த மக்கள்! பேச்சு பரவியதும் பதிப்பாளர் பயந்துபோய்ப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1855இல் எடோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பூமிக்கு அடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் கிடக்கிறது, அது புரண்டால் நிலம் நடுங்கும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. சில நாட்களுக்குள் கெளுத்திப் படங்கள் தெருவெங்கும் விற்பனைக்கு வந்தன. தணிக்கை முத்திரை இல்லை, போட்டவர் பெயர் இல்லை. சில படங்களில் மக்கள் கெளுத்தியைப் போட்டு மொத்துகிறார்கள். சில படங்களிலோ தச்சனும் கூரை வேய்பவனும் அதைக் கும்பிடுகிறார்கள். ஏன்? வீடுகள் இடிந்தால்தானே அவர்களுக்கு வேலை! ஊரே அழுதுகொண்டிருக்கும்போது அந்த அழுகையில் யார் கல்லாப்பெட்டி நிரம்புகிறது என்று கேட்ட படங்கள் அவை. இரண்டு மாதங்களுக்குள் அரசு அச்சுக்கட்டைகளை அழிக்கச் சொல்லிவிட்டது. அந்தக் கெளுத்தியை மறந்துவிடாதீர்கள். மீசையோடு அது மறுபடி வரும்.

ஓவியன் இருந்தான். அச்சுக்கட்டை இருந்தது. சிரிக்க ஊர் இருந்தது. எது இல்லை? குறித்த தேதியில் வந்து, "போன வாரம் சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா?" என்று கேட்கும் இதழ் இல்லை. அது ஒரு வெளிநாட்டவர் கையால் வந்தது.

சார்லஸ் விர்க்மன். லண்டன் படப்பத்திரிகை ஒன்றின் நிருபராக 1861இல் ஜப்பான் வந்து சேர்ந்தவர். வந்த வேகத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள்: எடோவில் பிரிட்டிஷ் தூதரகம் இருந்த கோயில்மீது வாள் ஏந்திய சாமுராய்கள் இரவில் பாய்ந்தார்கள். விர்க்மன் தரைப்பலகைக்கு அடியில் பதுங்கி உயிர் தப்பினார். தப்பியவர் என்ன செய்தார்? அந்தக் காட்சியைப் படமாக வரைந்து லண்டனுக்கு அனுப்பினார்!

மறு ஆண்டு, 1862இல், யோகோஹாமா துறைமுகக் குடியிருப்பில் 'ஜப்பான் பஞ்ச்' இதழைத் தொடங்கினார். 1841இல் லண்டனில் பிறந்த 'பஞ்ச்' இதழின் வாரிசுகள் அப்போது உலகெங்கும் முளைத்துக்கொண்டிருந்தன. நம் லக்னோவிலும் 1877இல் 'அவத் பஞ்ச்' என்ற உருது இதழ் வந்தது. விர்க்மனின் இதழ் ஜப்பானியத் தாளில், மரக்கட்டை அச்சில் தொடங்கி, இடையில் சில காலம் நின்று, 1865இல் மீண்டு, 1887 வரை ஓடியது. அதில் அதிகம் அடி வாங்கியது யார்? ஜப்பானியர்கள் என்று நினைப்பீர்கள். பிரிட்டிஷ் தூதர் ஹாரி பார்க்ஸும், யோகோஹாமாவின் வெள்ளைக்கார வியாபாரிகளும், பத்திரிகை ஆசிரியர்களும்தான்! தன் கூட்டத்தைத் தானே கேலி செய்தார். அந்த வகைப் படத்துக்கே ஜப்பானியர் 'பொன்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஒப்பந்தங்களின்படி, யோகோஹாமாவில் இருந்த வெளிநாட்டவரை ஜப்பானியச் சட்டம் தொட முடியாது. அவரவர் நாட்டுத் தூதரக நீதிமன்றமே அவரவரை விசாரிக்கும். விர்க்மன் தலைக்கு மேல் ஒரு குடை இருந்தது. ஜப்பானிய ஓவியனுக்கு அந்தக் குடை உண்டா?

கவனாபே க்யோசாயைக் கேட்டால் சொல்வார். 1870இல் ஒரு விருந்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, அதிகாரிகளைக் கேலி செய்யும்படி ஏதோ வரைந்தார். அங்கேயே கைது. சில மாதச் சிறை. வெளியே விடும்போது ஐம்பது அடி. அந்த க்யோசாய்தான் 1874இல், கனகாகி ரோபுன் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து, ஜப்பானியர் நடத்திய முதல் கேலிச்சித்திர இதழான 'எஷிம்புன் நிப்பொன்ச்சி'யைத் தொடங்கினார். சில இதழ்களோடு அது நின்றுபோனது. நின்றால் என்ன? வழி திறந்துவிட்டது.

வழி திறந்த மறு ஆண்டே அரசு கதவைச் சாத்தப் பார்த்தது. 1875 ஜூனில் பத்திரிகைச் சட்டமும் அவதூறுச் சட்டமும் வந்தன. அமைச்சரை விமர்சித்தால் அபராதம், சிறை. ஆசிரியர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். பத்திரிகைகள் என்ன செய்தன தெரியுமா? சிறைக்குப் போவதற்கென்றே ஓர் ஆசிரியரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன! எழுதுபவர் ஒருவர், கம்பி எண்ணுபவர் இன்னொருவர்.

இந்த நெருக்கடிக்குள்தான், 1877 மார்ச்சில், 'மாருமாரு சிம்புன்' வந்தது. தொடங்கியவர் நொமுரா ஃபுமியோ, ஹிரோஷிமாக்காரர். கடல் கடந்து போவது குற்றமாக இருந்த 1865இல், கள்ளத்தனமாகக் கப்பலேறிப் பிரிட்டன் போய்ப் படித்தவர். திரும்பி வந்து அரசு வேலை பார்த்து, அதை உதறிவிட்டு இதழ் தொடங்கினார். மாருமாரு என்றால் வட்டம் வட்டம். தணிக்கைக்குப் பயந்து சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பத்திரிகைகள் வட்டம் போடுவது அன்றைய வழக்கம். அந்த வட்டத்தையே எடுத்துத் தன் இதழுக்குப் பெயராகச் சூட்டினார் நொமுரா. வாயைக் கட்டிய துணியையே கொடியாக ஏற்றிய மனிதர்!

அமைச்சரின் முகத்தை அப்படியே வரைந்தால் சட்டம் பிடிக்கும். கெளுத்தி மீனை வரைந்தால் பிடிக்குமா? மெய்ஜி பேரரசரின் ஆட்சியில் உயர் அதிகாரிகள் மேல்நாட்டுப் பாணியில் மீசை வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள். மீசை உள்ள மீன் எது? கெளுத்தி! கோட்டும் தொப்பியும் போட்ட கெளுத்தி என்றால் பெரிய அதிகாரி. சின்ன அதிகாரி என்றால் அயிரை. நிலநடுக்கக் கெளுத்தி இருபதாண்டு கழித்து அலுவலக நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது. படிப்பவனுக்குப் புரியும். போலீஸ்காரனுக்கும் புரியும். ஆனால் அவன் வழக்குப் போட வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் நின்று, "இந்த மீன் எங்கள் அமைச்சர்தான்" என்று அவனே சொல்ல வேண்டும். சொல்வானா?

இந்த இதழின் கண்ணில் அதிகம் விழுந்தவர்களில் ஒருவர் அரசின் பெரும்புள்ளி குரோதா கியோதாகா. 1878இல் அவர் மனைவி இறந்தபோது, குடிவெறியில் அவரே கொன்றுவிட்டார் என்று ஊரில் வதந்தி. அது மெய்ப்பிக்கப்படவில்லை, ஆனால் மாருமாரு அதைத் தொட்டு எழுதத் தயங்கவில்லை. 1881இல் இன்னும் பெரிய விவகாரம். குரோதா நிர்வகித்த ஹொக்கைதோ குடியேற்றத் துறையில் அரசு கொட்டியது சுமார் 1 கோடியே 40 லட்சம் யென். அதன் சொத்துகளை வேண்டியவர்களுக்கு 4 லட்சம் யென்னுக்கும் குறைவாக, வட்டியில்லாமல், முப்பதாண்டுத் தவணையில் தள்ளிவிடத் திட்டம். மாருமாரு குரோதாவைக் கரிய ஆக்டோபஸாக வரைந்தது. நாளிதழ்கள் முழங்கின, மேடைகள் அதிர்ந்தன. அக்டோபரில் அரசு விற்பனையை ரத்து செய்தது. 1890இல் நாடாளுமன்றம் கூடும் என்று பேரரசர் பெயரால் வாக்குறுதியும் வந்தது. படம் மட்டுமே அதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய மனிதரைப் பார்த்தால் தெருவே பம்மும் காலத்தில், அவருக்கு எட்டுக் கால் வரைந்து காட்டியது அந்தப் படம்தான்.

யோகோஹாமாவின் குடை நிழலில் இன்னொருவர் வந்து நின்றார்: ஜார்ஜ் பிகோ, பிரெஞ்சு ஓவியர். 1882இல் ஜப்பானியக் கலை பயில வந்தவர், 1887இல் 'தோபாயே' என்ற இதழைத் தொடங்கினார். மாதம் இரண்டு இதழ். அதன் முதல் இதழில் வந்த ஒரு படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நீர்நிலை. இந்தப் பக்கம் உச்சிக்குடுமி வைத்த ஜப்பானியன், அந்தப் பக்கம் நீள்சடை தொங்கும் சீனன். இருவர் கையிலும் தூண்டில். நடுவே தண்ணீரில் ஒரு மீன். அதன் பெயர் கொரியா. பின்னால் பாலத்தின் மேல் மூன்றாவதாக ஒருவன் நின்று பார்க்கிறான், அவன் ரஷ்யன். அவ்வளவுதான் படம். இது வந்தது 1887 பிப்ரவரியில். ஏழாண்டு கழித்து ஜப்பானும் சீனாவும் கொரியாவுக்காகப் போரிட்டன. பதினேழாண்டு கழித்து, 1904இல், ஜப்பானும் ரஷ்யாவும் போரிட்டன. 1910இல் மீன் ஜப்பானின் கூடைக்குள் போய்ச் சேர்ந்தது. இன்றும் ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களில் இந்தப் படம் இருக்கிறது.

பிகோவின் இன்னொரு படத்தில் மேல்நாட்டு உடையில் ஒரு ஜப்பானியத் தம்பதி நிலைக்கண்ணாடி முன் நிற்கிறார்கள். கண்ணாடிக்குள்ளே தெரிவது இரண்டு குரங்கு முகம். உயர்குடியினர் ரொக்குமேய்கன் மாளிகையில் ஐரோப்பிய நடனம் ஆடிய காலம் அது. இந்தப் படத்துக்குச் சிரிக்கலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. ஆடம்பரத்தைக் குத்துகிறது என்பது சரி. ஆனால் ஆசியாக்காரன் கோட்டுப் போட்டால் குரங்கு என்று ஐரோப்பியன் சொல்கிறானே, அதில் ஓர் இனத்திமிரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஓவியனின் கை; ஒரு படம் வல்லரசுகளை நோக்கிப் பாய்கிறது, மறு படம் கீழ்நோக்கிச் சரிகிறது.

பிகோவுக்கு ஜப்பானிய மொழியில் வாசகம் எழுதித் தந்தது யார்? நகாயே சோமினைச் சேர்ந்தவர்கள். ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தை மொழிபெயர்த்த மக்கள் உரிமைச் சிந்தனையாளர் அவர். 1887 டிசம்பரில் அரசு ஓர் அவசர ஆணை போட்டு, சோமின் உட்பட சுமார் 570 பேரைத் தலைநகரிலிருந்து வெளியேற்றியது. பிகோ என்ன செய்தார்? வாயில் துணி கட்டப்பட்ட பத்திரிகையாளர்களைப் போலீஸ் உட்காரவைத்து மிரட்டுவதாகவும், கோமாளி உடையில் தானே அதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதாகவும் வரைந்தார். உண்மையும் அதுதானே! உள்ளே இருந்தவர்கள் ஜப்பானியர்கள். வெளியே நின்று பார்க்க முடிந்தவர் பிகோ. 1899இல் திருத்தப்பட்ட ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்து, வெளிநாட்டவரும் ஜப்பானியச் சட்டத்துக்குள் வந்தார்கள். அந்த ஆண்டே பிகோ பிரான்சுக்குத் திரும்பினார். குடை மடங்கியது, கோமாளி கிளம்பிவிட்டார்.

நண்பர்களே, குடையே இல்லாமல் நடுமழையில் நின்ற ஒருவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவர் பெயர் மியாதாகே கைகொட்சு.

1889 பிப்ரவரி 11. ஜப்பானின் முதல் அரசியலமைப்புச் சட்டத்தை மெய்ஜி பேரரசர் பிரதமர் கையில் வழங்குகிறார். வாங்கிக்கொண்ட பிரதமர் யார் தெரியுமா? அதே ஆக்டோபஸ் குரோதா! நாடெங்கும் கொண்டாட்டம். தான் நடத்திய 'தொன்ச்சி' என்ற நகைச்சுவைச் சங்க இதழில் கைகொட்சு அந்த விழாவை நையாண்டியாக அச்சிட்டார். அதே அரங்கு, அதே சடங்கு. ஆனால் அரியணை மேடையில் நின்று சட்டத்தை வழங்குவது ஓர் எலும்புக்கூடு. அவர் பெயரை உச்சரித்தால் ஜப்பானியக் காதுக்கு எலும்புக்கூடு என்றுதான் கேட்கும். ஆகவே அது நானேதான் என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. நீதிமன்றம் ஏற்குமா? அரச அவமதிப்பு என்று மூன்றாண்டுச் சிறையும் 100 யென் அபராதமும் விதித்தது. படம் வரைந்து கொடுத்த ஓவியர் அதாச்சி கின்கோவும் சிறைக்குப் போனார். வழங்கப்பட்ட அந்தச் சட்டத்தில் பேச்சுரிமைக்கும் ஒரு பிரிவு உண்டு, "சட்டத்தின் வரம்புக்குள்" என்ற ஒட்டுத்துணியோடு. வரம்பு எங்கே இருக்கிறது என்று நாட்டுக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர் இந்த 22 வயது இளைஞர்.

சிறை அவரைத் திருத்தியதா? 1901இல் ஒசாகாவில் 'கொக்கேய் ஷிம்புன்' தொடங்கினார். போலி மருந்து விற்றவனைத் தோலுரித்தார். லஞ்சம் வாங்கிய போலீஸ் அதிகாரியைத் தோலுரித்தார். மறுபடி வழக்கு, மறுபடி சிறை. 1904இல் ரஷ்யப் போர் தொடங்கி, ராணுவத் தணிக்கை இறுகியபோது அவர் செய்ததைக் கேளுங்கள். ஒரு பத்தி முழுக்க வட்டம் வட்டமாக அச்சிட்டார். இடையிடையே ஓர் எழுத்து, ஈரெழுத்து. தணிக்கைக்குப் பணிந்து சொற்களை எடுத்துவிட்டார் போலும் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். வட்டங்களைத் தள்ளிவிட்டு எஞ்சிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தால்? ராணுவ அதிகாரிகள் ஒன்றுமில்லாத விஷயத்தைக்கூட ரகசியம் ரகசியம் என்று மூடுகிறார்கள் என்ற கண்டனம் முழுசாகக் கிடைக்கும்! நொமுரா கொடியாக ஏற்றிய வட்டத்தை இவர் ஆயுதமாகவே ஆக்கிவிட்டார். 1908இல், அடக்குமுறைக்கு இதழைப் பறிகொடுப்பதைவிட நானே முடித்துக்கொள்கிறேன் என்று, கடைசி இதழுக்குத் 'தற்கொலை இதழ்' என்று பெயர் போட்டு நிறுத்தினார். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாரா? பெயரை மாற்றி அடுத்த இதழைத் தொடங்கினார்!

எல்லாரும் கைகொட்சு ஆகிவிடவில்லை. அதையும் சொன்னால்தான் வரலாறு. மாருமாருவில் 1880களில் ஆட்சியாளரைக் குத்திப் படம் போட்ட கை கொபயாஷி கியோச்சிகாவின் கை. அபாரமான கை. 1894இல் சீனாவோடு போர் வந்தது. அதே கை, தோற்று ஓடும் சீனச் சிப்பாய்களைக் கோழைகளாக, கோமாளிகளாக வரைந்து தள்ளியது. 'நூறு போர், நூறு சிரிப்பு' என்று அந்த வரிசைக்குப் பெயர். அதை வரைவதால் ஓவியனுக்கு என்ன ஆபத்து? ஒன்றுமில்லை. எந்தப் போலீஸ் வரும்? எந்த நீதிபதி விசாரிப்பார்? கைதட்டல்தான் வரும்.

1905 ஏப்ரலில் கிதாசாவா ராகுதென் 'டோக்கியோ பக்' இதழைத் தொடங்கினார். பளபளக்கும் வண்ணம், பெரிய அளவு, ஜப்பானியம், சீனம், ஆங்கிலம் என்று மும்மொழி வாசகம். ஜப்பானில் கேலிச்சித்திரத்தையே முழுநேரத் தொழிலாக்கிக் காட்டியவர் ராகுதென். அவர் சொந்த நாட்டு அமைச்சரையும் பணக்காரரையும் கிண்டல் செய்தார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே ஆண்டு கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. ஒரு நாடு இன்னொரு நாட்டை விழுங்குகிற நேரத்தில், விழுங்கப்படுகிறவனைச் சோம்பேறியாக, அறிவிலியாகக் காட்டும் படங்கள் டோக்கியோ பக்கில் வந்தன. 1887இல் பிகோ வரைந்த மீன், இப்போது தூண்டில்காரன் நாட்டு இதழிலேயே கேலிக்குரிய மீனாகிவிட்டது. 1912இல் ராகுதென் அந்த இதழைவிட்டு விலகினார்.

மறுபடி நம் கேள்விக்கு வாருங்கள். கியோச்சிகாவின் கோடு கைகொட்சுவின் இதழில் வந்த கோடுகளைவிட அழகானது. ராகுதெனின் அச்சு இன்னும் அழகானது. திறமையில் குறையே இல்லை. ஆனால் சிரிப்பு திசை மாறிவிட்டது. மேலே இருப்பவனைக் குத்திய அம்பு, கீழே விழுந்து கிடப்பவனைக் குத்தத் தொடங்கியது. கேலிச்சித்திரத்துக்குத் திறமை வேண்டும், துணிச்சல் வேண்டும். இரண்டையும்விடத் திசை வேண்டும். ஐம்பதாண்டு வரலாற்றைப் படித்த பிறகு என் தீர்ப்பு இதுதான்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? 1927இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மெய்ஜி காலத்துச் செய்தித்தாள், இதழ்களுக்கென்று ஒரு காப்பகம் அமைத்தார்கள். அதன் பொறுப்பில் உட்கார்ந்தவர் மியாதாகே கைகொட்சு! அரசு சிறையில் தள்ளிய மனிதர், ஊர் ஊராகத் தேடி, பழைய காகிதமாகப் போகவிருந்த இதழ்களைச் சேர்த்தார். தன்னைத் தாக்கியவற்றையும் சேர்த்தார், தனக்குப் பிடிக்காதவற்றையும் சேர்த்தார். அவரும் ராகுதெனும் 1955இல், ஒரு மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று நீங்கள் நாளுக்குப் பத்துக் கேலிப்படம் பார்க்கிறீர்கள்; கைப்பேசியில் வருகிறது, சிரிக்கிறீர்கள், அடுத்தவருக்கு அனுப்புகிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. அனுப்புவதற்கு முன்னால் மட்டும் ஒரு நொடி நின்று கேளுங்கள்: இந்தப் படத்தில் அடி வாங்குகிறவர் திருப்பி அடிக்கும் பலம் உள்ளவரா? ஆம் என்றால் தாராளமாக அனுப்புங்கள். இல்லை என்றால், அது உங்களோடு நிற்கட்டும்.